ஓட்டத்துக்குக் கூலிங் கிளாஸ்: பவர் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கேட்கும் கேள்விகள்

சென்னையில் விடியற்காலை ஓடும் குழுக்களில் ஷூவுக்கு அடுத்தபடியாக அதிகம் விசாரிக்கப்படுவது கூலிங் கிளாஸ்தான். அதிலும் பவர் கண்ணாடி போடுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குக் கணக்கே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கண் மருத்துவர் இல்லை. கண்ணில் நோய் இருப்பவர்கள் மருத்துவர் சொல்வதையே கேட்கவும்.

1. ஓடுறதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கணுமா? பைக்ல போடுற கூலிங் கிளாஸ் போதாதா?

கண்ணைக் காப்பது மட்டும்தான் கணக்கு என்றால் போதும். நல்ல லென்ஸ் பைக்கிலும் நல்ல லென்ஸ்தான், ஓட்டத்திலும் நல்ல லென்ஸ்தான். சிக்கல் இரண்டாவது கிலோமீட்டரில் ஆரம்பிக்கும். மூக்கில் வியர்வை இறங்கியதும் ஃப்ரேம் நழுவும், ஒவ்வொரு அடிக்கும் குதிக்கும். ஓட்டம் முழுக்க ஒரு விரல் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டக் கண்ணாடி என்று விற்கப்படுபவற்றின் எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிராம்தான். மூக்கிலும் காதிலும் வியர்வைக்கு வழுக்காத ரப்பர் இருக்கும், லென்ஸ் பக்கவாட்டுக்கும் வளைந்து வரும். அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பைக் கண்ணாடியே ஆடாமல் நிற்கிறதென்றால் அதையே போட்டு ஓடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். லென்ஸ் நிஜக் கண்ணாடியாக இருக்கக் கூடாது. தடுக்கி விழுந்தால் உடைவது கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளி. பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் லென்ஸ் அடி தாங்கும். ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

2. நான் அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழு மணிக்குள்ள முடிச்சிடுவேன். எனக்கு இது தேவையா சார்?

வார நாட்களில் அவ்வளவு அவசியம் இல்லை. சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது புற ஊதாக் கதிர் குறைவு. கண் கூசுவதற்கும் தூசி, கொசு விழாமல் இருப்பதற்கும் வேண்டுமானால் போடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் ஒன்பது, ஒன்பதரை வரை இழுக்குமே, அன்றைக்குக் கட்டாயம் வேண்டும்.

உச்சி வெயிலில்தான் கண்ணுக்கு ஆபத்து என்று நினைக்கிறோம். உச்சி வெயில் தலையில் விழுகிறது. அப்போது புருவமும் நெற்றியும் கண்ணுக்கு நிழல் தருகின்றன. சூரியன் ஏறத்தாழ 40 டிகிரி உயரத்தில் இருக்கும் நேரத்தில்தான் கண்ணுக்குள் நேராக அதிகக் கதிர் போகிறது என்று ஜப்பானில் பொம்மைத் தலைகளில் உணரிகள் பொருத்தி அளந்து பார்த்திருக்கிறார்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சென்னையில் அந்த உயரம் காலை ஒன்பது மணி வாக்கில் வரும். நாம் களைத்துப் போய் கடைசி சில கிலோமீட்டர்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் அதே நேரம்.

3. தொப்பி போட்டா போதாதா?

தொப்பி நல்லது, போடுங்கள். ஆனால் நம் ஊர்ச் சாலைகளின் திசையைக் கொஞ்சம் யோசியுங்கள். காமராஜர் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, பழைய மாமல்லபுரம் சாலை எல்லாம் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போகிறவை. காலை வெயில் கிழக்கிலிருந்து, அதாவது பக்கவாட்டிலிருந்து அடிக்கிறது. தொப்பியின் முன்விளிம்பு அதை மறைக்காது. தெற்கே ஓடும்போது இடது கண், திரும்பி வரும்போது வலது கண்.

பக்கவாட்டு வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து வரும் கதிரைக் கருவிழியின் வளைவு மூக்குப் பக்கத்து ஓரத்தில் குவித்துவிடுகிறது. வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை படரும் கோளாறு பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் ஓட்டக் கண்ணாடி பக்கத்துக்கு வளைந்து வர வேண்டும் என்கிறேன். பார்க்க ஸ்டைலாக இருப்பது உபரி.

கடற்கரை மணலும் கொஞ்சம் கதிரைத் திருப்பி அனுப்பும். காய்ந்த மணல் சுமார் 15 சதவீதம், அலை நுரை சுமார் 25 சதவீதம். அது கீழிருந்து வருவதால் அதையும் தொப்பி தடுக்காது.

4. யூவி 400-ன்னா என்ன? நல்லா கறுப்பா இருந்தா போதும்தானே?

போதாது. எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைப்பது. புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாதது, அதைத் தடுப்பது வேறு வேலை. யூவி 400 என்றால் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரை, அதாவது யூவி-பி, யூவி-ஏ இரண்டையும் லென்ஸ் நிறுத்துகிறது என்று பொருள். நிறமே இல்லாத வெள்ளைப் பாலிகார்பனேட் லென்ஸ்கூட இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

கறுப்பாக மட்டும் இருந்து கதிரைத் தடுக்காத லென்ஸ் இன்னும் மோசம். இருட்டைப் பார்த்ததும் கண்ணின் பாப்பா அகலமாகத் திறக்கும், கண்ணும் சுருங்காது. திறந்த வாசலில் கதிர் தாராளமாக உள்ளே போகும். அப்படிப்பட்ட லென்ஸை விட ஒன்றும் போடாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடுவதே மேல்.

5. பிளாட்பாரத்துல 150 ரூபாய்க்கு யூவி 400 ஸ்டிக்கரோட விக்கிறாங்களே, நம்பலாமா? வீட்லயே சோதிச்சுப் பாக்க முடியுமா?

ஸ்டிக்கர் அச்சடிக்க அதிகம் செலவாகாது. அதற்காக 150 ரூபாய்க் கண்ணாடி எல்லாமே மோசம் என்றும் சொல்ல முடியாது. லென்ஸ் உண்மையிலேயே பாலிகார்பனேட் என்றால் தப்பித்தோம். என்ன பிளாஸ்டிக் என்று விற்பவருக்கே தெரியாது என்பதுதான் பிரச்சினை.

வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. கள்ள நோட்டுப் பார்க்கும் சின்ன யூவி டார்ச்சை ஒரு ரூபாய் நோட்டின் மேல் அடித்தால் சில இழைகளும் எழுத்துகளும் ஒளிரும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடியுங்கள். ஒளிர்வது அடங்கிவிட்டால் லென்ஸ் வேலை செய்கிறது. மலிவு டார்ச்சுகள் பல 395 நானோமீட்டர் பக்கத்தில் ஒளி விடுபவை, 400-க்கு மிக அருகில். அதனால் லேசாக ஒளிர்ந்தால் உடனே லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். முன்பு எப்படி ஒளிர்ந்ததோ அப்படியே ஒளிர்ந்தால்தான் தூக்கிப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பெரிய ஆப்டிகல்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். யூவி மீட்டர் வைத்திருப்பார்கள், லென்ஸை வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

6. காதுக் கம்பி உள்பக்கம் 'கேட் 3'-ன்னு போட்டிருக்கு. பெரிய நம்பர்னா நல்லதா?

அது தரத்துக்கான மதிப்பெண் இல்லை, எவ்வளவு கறுப்பு என்பதற்கான எண். 0 முதல் 4 வரை உண்டு. கேட்டகிரி 1 லென்ஸ் 43 முதல் 80 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும், 2 என்றால் 18 முதல் 43, 3 என்றால் 8 முதல் 18, 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்.

சென்னை வெயிலில் எட்டு மணிக்கு மேல் ஓடுகிறவருக்கு 3 சரி. மர நிழலான தெருக்களிலும் அதிகாலையிலும் 3 போட்டால் பள்ளமும் ஸ்பீட் பிரேக்கரும் கண்ணில் படாது, அங்கே 1 அல்லது 2 போதும். ஒன்றுதான் வாங்குவேன் என்றால், 2-இல் கறுப்புப் பக்கம் சாய்ந்த ஒன்று பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். 4 நமக்கு வேண்டாம். அது பனிமலைக்கும் உயரமான மலைகளுக்கும் உள்ளது. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. ஓடி முடித்துப் பலரும் அப்படியே பைக்கில் ஏறுகிறோம் என்பதால் சொல்கிறேன்.

7. எந்தக் கலர் லென்ஸ் நல்லது?

சாம்பல் நிறம் நிறங்களை உள்ளபடியே காட்டும். பழுப்பு, செம்பழுப்பு லென்ஸ்களில் தார்ச்சாலையின் மேடு பள்ளம் கொஞ்சம் துலக்கமாகத் தெரியும், எனக்குப் பிடித்தது இதுதான். மஞ்சள் மங்கலான வெளிச்சத்துக்கு. வெளியே தெரியும் நீலம், பச்சை, ஆரஞ்சுக் கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் அழகுக்கு. அது சீக்கிரம் கீறலும் காட்டும்.

8. போலரைஸ்டு வாங்குறது நல்லதுன்னு சொல்றாங்க. விலையும் கூட.

தண்ணீரிலும் ஈரச் சாலையிலும் கார் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்கும் கூசலை அது குறைக்கும். மீன் பிடிப்பவர்களுக்கும் நீண்ட தூரம் கார் ஓட்டுபவர்களுக்கும் பெரிய வரம். ஓடுகிறவர்களுக்கு இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. யூவி தடுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மழைக்காலத்தில் ஒரு தொல்லை உண்டு. சாலையில் ஈரமோ எண்ணெயோ இருப்பதை அந்தப் பளபளப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம், போலரைஸ்டு லென்ஸ் அதையே அழித்துவிடும். சில வாட்ச், போன் திரைகளும் ஒரு கோணத்தில் கறுத்துப்போகும். வாங்கும் கடையிலேயே உங்கள் வாட்ச்சைப் பார்த்துவிடுங்கள். அதே சோதனையில் அது நிஜப் போலரைஸ்டா என்பதும் தெரிந்துவிடும்: மடிக்கணினித் திரைக்கு முன்னால் லென்ஸைச் சுழற்றினால் ஒரு நிலையில் இருண்டுபோக வேண்டும்.

9. மூக்குல வழுக்கி வழுக்கி இறங்குது. என்னதான் பண்றது?

கண்ணாடியைக் கடைக் கண்ணாடி முன் நின்று தேர்ந்தெடுப்பதுதான் இதற்கு மூலகாரணம். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே தவிர, தலையை ஆட்டிப் பார்ப்பதில்லை. வெட்கப்படாமல் கடையிலேயே நாலு சோதனை செய்யுங்கள். தலையை இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். நின்ற இடத்தில் பத்து முறை குதியுங்கள். அப்புறம் நன்றாகச் சிரியுங்கள். சிரிக்கும்போது கன்னம் ஃப்ரேமைத் தூக்கினால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. இமை மயிர் லென்ஸைத் தொட்டாலும் வேண்டாம். பொட்டை அழுத்தினாலும் வேண்டாம், அரை மணி நேரத்தில் தலைவலி வரும்.

பிடிமானம் மூக்கில்தான் இருக்கிறது. வளைத்துச் சரிசெய்யக்கூடிய ரப்பர் மூக்குத்தாங்கி உள்ளதைப் பாருங்கள். சில ரப்பர்கள் ஈரம் பட்டால் இன்னும் ஒட்டிப் பிடிக்கும் வகை. மேற்கத்திய பிராண்டுகளின் பல மாடல்கள் உயர்ந்த மூக்குத்தண்டுக்கு அளவெடுத்தவை. நம்மில் பலருக்கு அவை கன்னத்தில் உட்காரும். அதே மாடலில் தாழ்ந்த மூக்குத்தண்டுக்கான அளவு வருகிறதா என்று கேளுங்கள். கம்பியின் உள்ளே 52-18-140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: லென்ஸ் அகலம், மூக்கு இடைவெளி, கம்பி நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் உங்கள் வீட்டுக் கண்ணாடியின் எண்களைக் குறித்துக்கொண்டு போனால் தேடுவது சுலபம்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஓட வருபவர்களுக்கு எந்த ரப்பரும் உதவாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீனும் அப்படித்தான், மூக்குத்தண்டில் கண்ணாடி உட்காரும் இடத்தை விட்டுவிட்டுப் பூசவும்.

10. சிக்னல்ல நின்னா உடனே லென்ஸ் முழுக்க ஆவி படியுது.

ஓடும்போது காற்று புகுந்து உலர்த்துகிறது, நின்றதும் முகத்துச் சூடும் வியர்வையும் உள்ளேயே தேங்குகின்றன. சென்னையின் ஈரக்காற்றில் இதை முழுக்க ஒழிக்க முடியாது, குறைக்கலாம். லென்ஸின் மேல் ஓரத்தில் காற்றுத் துளை உள்ளதோ, கீழ்ப்பக்கம் ஃப்ரேம் இல்லாததோ வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். நிற்கும்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிடுங்கள். நெற்றிக்கு ஏற்றாதீர்கள், அங்கேதான் வியர்வை ஊற்று. நெற்றியில் ஒரு வியர்வைப்பட்டை கட்டிக்கொண்டால் சொட்டுவது நிற்கும்.

11. எந்த பிராண்டு? எவ்வளவு செலவு பண்ணலாம்?

பவர் இல்லாதவர்கள் அதிகம் செலவு செய்யத் தேவையில்லை. டெக்கத்லானில் ஓட்டத்துக்கென்றே வரும் மாடல்கள் போதும், கேட்டகிரி எண்ணையும் குறித்திருப்பார்கள். அமெரிக்காவில் 2015-இல் தொடங்கிய குட்ர் நிறுவனம் 25 டாலருக்குப் போலரைஸ்டு ஓட்டக் கண்ணாடி விற்றே பெயர் வாங்கியது. ஓக்லி, ஜூல்போ, ரூடி புராஜெக்ட் போன்றவற்றில் விலை பல மடங்கு. லென்ஸின் துல்லியம், மாற்று லென்ஸ் கிடைப்பது, உதிரி மூக்கு ரப்பர் கிடைப்பது இவற்றுக்குத்தான் அந்தக் காசு. யூவி தடுப்பு மட்டும் என்றால் நல்ல மலிவுக் கண்ணாடியும் அதே வேலையைச் செய்கிறது.

கண்ணாடியை அடிக்கடி தொலைக்கிறவர் என்றால் மலிவானதே வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

12. எனக்கு மைனஸ் 2.5. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு வெறும் கூலிங் கிளாஸ் போட்டு ஓடலாமா?

நிறையப் பேர் இப்படித்தான் ஓடுகிறார்கள். எனக்குச் சம்மதம் இல்லை. மைனஸ் 2.5 உள்ளவருக்குக் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே கலங்கல். மூடி இல்லாத சாக்கடை, படுத்திருக்கும் நாய், எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் அந்தக் கலங்கலுக்குள் இருக்கும். மேலே ஒரு கறுப்பு லென்ஸும் போட்டால் பாப்பா விரிந்து கலங்கல் இன்னும் கூடும். மைதானத்தில் சுற்றுப்பாதையில் ஓடினால் சமாளிக்கலாம். நம் சாலைகளில் வேண்டாம். மைனஸ் 0.5, 0.75 உள்ளவர்கள் அவரவர் வசதிப்படி.

13. அப்போ பவர் உள்ளவங்களுக்கு என்னதான் வழி?

ஐந்து வழிகள். ஓட்டக் கண்ணாடியிலேயே பவர் லென்ஸ் போட்டுக்கொள்வது. கூலிங் கிளாஸுக்கு உள்பக்கம் பவர் இன்சர்ட் மாட்டுவது. வெயிலில் தானாகக் கறுக்கும் பவர் லென்ஸ். காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு சாதாரணக் கூலிங் கிளாஸ் அணிவது. இருக்கும் பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் கிளிப்போ பெரிய கண்ணாடியோ. கடைசி வகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கிளிப் ஓட்டத்தில் கடகடவென ஆடும், மேல்கண்ணாடி கனமாக இருக்கும், ஆவியும் இரட்டிப்பு. நடைப்பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் தொடங்க நினைப்பவருக்கு ஒரு யோசனை. பழைய பவர் கண்ணாடியில் லேசான பிளாஸ்டிக் ஃப்ரேம் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால், அதே பவரில் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் ஏற்றிய லென்ஸ் போடச் சொல்லுங்கள். பின்னால் ஒரு பட்டை கட்டிக்கொண்டால் ஆடாது. பக்கவாட்டு மறைப்பு கிடைக்காது, ஆனால் தெளிவாகத் தெரியும், வெயிலும் குறையும். நிறம் ஏற்றினால் மட்டும் யூவி தடுப்பு வந்துவிடாது (4-ஆம் கேள்வி). கடைகளில் ஃபைபர் லென்ஸ் என்று சொல்லும் சாதாரண பிளாஸ்டிக் என்றால் யூவி தடுப்பையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

14. வளைஞ்ச ஸ்போர்ட்ஸ் ஃப்ரேம்ல என் பவர் போட முடியாதுன்னு கடைக்காரர் சொல்றார். உண்மையா, இல்ல மழுப்புறாரா?

பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். சாதாரண பவர் கண்ணாடியின் லென்ஸ் ஏறக்குறையத் தட்டையானது, கண்ணுக்கு நேர் எதிரே நிற்கும். முகத்தைச் சுற்றி வளையும் ஃப்ரேமில் லென்ஸ் சாய்ந்து நிற்கிறது. பவர் லென்ஸ் சாய்ந்தால் இல்லாத சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர்) ஒன்று வந்து சேரும், பொருள்கள் இருக்கும் இடமும் கொஞ்சம் தள்ளித் தெரியும். தரை மேடாகவோ பள்ளமாகவோ தோன்றும், படியிறங்கும்போது கால் தப்பும், அரை மணி நேரத்தில் தலை கிறுகிறுக்கும். பவர் கூடக் கூட இது மோசமாகும். மைனஸ் லென்ஸ் என்றால் பொட்டுப் பக்க ஓரம் தடித்து ஃப்ரேமிலிருந்து பிதுங்கவும் செய்யும்.

இதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. ஃப்ரேமின் வளைவையும் சாய்வையும் கணக்கில் சேர்த்து, பவரை அதற்கேற்ப மாற்றிக் கணினியில் வடிவமைத்து வெட்டும் லென்ஸ்கள் உண்டு. ஃப்ரீஃபார்ம் என்பார்கள். விலை கூடுதல், எல்லா லேப்பும் செய்யாது. மைனஸ் 4, பிளஸ் 4 தாண்டினால், ரொம்ப வளைந்த ஃப்ரேமுக்குப் பலரும் தயங்குவார்கள். கடையில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஃப்ரேமோட வளைவுக்கு ஏத்த மாதிரி பவரை மாத்திப் போடுவீங்களா? மாட்டின நிலையில அளவு எடுப்பீங்களா?' இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்து, ஃப்ரேமை உங்கள் முகத்தில் மாட்டிக் கண்மணிகளின் இடைவெளியையும் சாய்வையும் அளந்தால் தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம். பழைய சீட்டில் இருக்கும் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டால் அந்தக் கடையில் வளைந்த ஃப்ரேம் வேண்டாம்.

நடுவழி ஒன்று உண்டு. வளைவு மிதமாக உள்ள ஃப்ரேம். மைனஸ் 2, 3 வரைக்கும் இதில் தொல்லை குறைவு, பக்க வெயிலும் ஓரளவு மறையும். பவர் உள்ள நண்பர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்று கேளுங்கள். இரண்டுமே அடி தாங்கும். டிரைவெக்ஸில் ஓரத்தில் நிறம் பிரிந்து தெரிவது குறைவு, கொஞ்சம் தடிமன் கூடும், விலையும் கூடும்.

15. உள்ளே மாட்டுற இன்சர்ட் நல்லா இருக்குமா? எனக்கு மைனஸ் 6.

உங்கள் மாதிரி பவர் அதிகம் உள்ளவர்களுக்காகவே வந்தது. ஒரு குட்டி ஃப்ரேமில் உங்கள் பவர் லென்ஸ் இருக்கும், அது கூலிங் கிளாஸின் மூக்குப் பகுதிக்குப் பின்னால் கிளிக் என்று உட்காரும். ரூடி புராஜெக்ட் போன்ற சில நிறுவனங்களின் மாடல்களில் வருகிறது. எந்தச் சின்ன ஆப்டிகல்ஸ் கடையும் அந்தக் குட்டி லென்ஸை வெட்டித் தரும், பவர் மாறினால் அதை மட்டும் மாற்றினால் போதும். வெளி லென்ஸை வெயிலுக்குக் கறுப்பு, இருட்டுக்கு வெள்ளை என்று மாற்றிக்கொள்ளலாம்.

குறைகள்: இமை மயிர் இடிக்கலாம், இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஆவி படிந்தால் துடைக்கக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஓரப் பார்வை குறுகும். கடையில் இன்சர்ட்டோடு மாட்டி 9-ஆம் கேள்வியில் சொன்ன சோதனைகளைச் செய்யாமல் வாங்க வேண்டாம்.

16. வெயில்ல தானா கறுக்கிற லென்ஸ் போட்டுட்டா ஒரே கண்ணாடில முடிஞ்சிடுமே?

இருட்டில் தொடங்கி வெயிலில் முடிக்கிறவர்களுக்கு அருமையான தீர்வு. இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இந்த லென்ஸ் புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் காருக்குள் ஒழுங்காகக் கறுக்காது. சூடு கூடினால் கறுப்பும் குறையும். குளிர்நாட்டு விளம்பரத்தில் பார்க்கும் கறுப்பு மே மாதச் சென்னையில் வராது. கண் ரொம்பக் கூசுகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. கறுக்க அரை நிமிடம் ஒரு நிமிடம் ஆகும், வெளுக்க அதைவிட அதிக நேரம் எடுக்கும். சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது இதை நினைவில் வையுங்கள்.

17. காண்டாக்ட் லென்ஸ் போட்டு ஓடலாமா? வழியில தலைல தண்ணி ஊத்திப்பேன், அது பரவாயில்லையா?

ஓடலாம். பவர் உள்ள ஓட்டக்காரர்களுக்கு மிகச் சுதந்திரமான வழி இதுதான். எந்தக் கூலிங் கிளாஸையும் போடலாம், எவ்வளவு வளைந்திருந்தாலும் சரி. தினமும் கழற்றித் தூக்கிப்போடும் வகையை எடுங்கள். காற்றில் லென்ஸ் உலரும், தூசி உள்ளே போனால் உயிர் போகும், அதனால் மேலே கண்ணாடி கட்டாயம். யூவி தடுக்கும் காண்டாக்ட் லென்ஸ் என்றாலும் அது வெள்ளை விழியையும் இமையையும் மூடாது என்பதால் கூலிங் கிளாஸை விட்டுவிட முடியாது.

தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். குழாய் நீரிலும் தொட்டி நீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் அது சிக்கினால் வரும் தொற்று அபூர்வம்தான், ஆனால் பார்வையையே பாதிக்கக்கூடியது. தண்ணீரைப் பின்னந்தலையிலும் கழுத்திலும் ஊற்றுங்கள், முகத்தில் அடிக்காதீர்கள். ஒரு ஜோடி லென்ஸைக் கூடுதலாக இடுப்புப் பையில் வைத்திருங்கள். நடுவழியில் கண் சிவந்து உறுத்தினால் கழற்றிவிடுங்கள். குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

18. நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு. தூரம் நல்லாத் தெரியுது, வாட்ச்தான் தெரியல. ப்ரோக்ரசிவ் போட்டு ஓடலாமா?

மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாக ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே வருவதுதான் ப்ரோக்ரசிவ். வெள்ளெழுத்துக்காக அதைப் போட்டு ஓடுவதை நான் சொல்ல மாட்டேன். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. ஓடும்போது தரையைப் பார்ப்பது அந்தப் பகுதி வழியாகத்தான், அப்போது காலடி கலங்கும். தூரப் பவர் இருந்தால் அதை மட்டும் போட்டுக்கொண்டு, வாட்ச்சில் ஒரு திரைக்கு ஒன்றிரண்டு எண் மட்டும் பெரிதாக வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் போதாதவர்களுக்கு, லென்ஸின் உள்பக்கம் கீழ்மூலையில் ஒட்டும் சின்ன ரீடிங் துண்டுகள் கிடைக்கின்றன. வாட்ச் கட்டும் பக்கத்துக் கண்ணில் மட்டும் ஒன்று ஒட்டினால் போதும்.

19. மாரத்தான் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. அதுவரைக்கும் கண்ணாடியை எங்க வெச்சுக்கிறது?

ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்கவே ஆறரை மணி ஆகும். முழு மாரத்தான் ஓடுகிறவர் அதுவரை இரண்டு மணி நேரமாவது இருட்டில் ஓடியிருப்பார். தொப்பியின் முன்விளிம்புக்கு மேல், காதுக் கம்பிகளைத் தொப்பியின் பக்கவாட்டில் செருகி வைப்பது பலருக்கும் சரிப்படுகிறது. அதையும் முன்கூட்டியே ஒரு நீண்ட ஓட்டத்தில் பழகிப் பாருங்கள். பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த ஓட்டங்களில் 16 அல்லது 17-ஆம் கேள்வியில் சொன்ன வழிதான் சுலபம். கறுப்புப் பவர் கண்ணாடி மட்டும் வைத்திருப்பவர் இருட்டில் இரண்டுங்கெட்டானாக நிற்பார்.

20. ஊட்டி, ஏற்காடு பக்கம் மலைப்பாதை ஓட்டத்துக்கு இதே போதுமா?

குளிராக இருப்பதால் வெயில் குறைவு என்று ஏமாற வேண்டாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. ஆனால் சோலைக்குள் பாதை இருட்டும் வெளிச்சமுமாக மாறி மாறி வரும், வேர்களும் கற்களும் தெரிய வேண்டும். அதனால் கேட்டகிரி 3-ஐ விட 1, 2 அல்லது தானாகக் கறுக்கும் லென்ஸ் நல்லது. அங்கே குளிர் என்பதால் அது நன்றாகவே கறுக்கும்.

21. கண்ணுல சதை வளருதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இனி ஓடக் கூடாதா?

ஓட்டத்தை நிறுத்தச் சொன்னாரா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் வெயிலும் தூசியும் காற்றும் படாமல் பார்த்துக்கொள்ளத்தான் சொல்வார்கள். அப்படியென்றால் 3-ஆம் கேள்வியில் சொன்ன பக்கவாட்டு மறைப்பு உங்களுக்கு விருப்பமல்ல, தேவை. கன்னத்துக்கும் பொட்டுக்கும் நெருக்கமாக உட்காரும் ஃப்ரேம், கூடவே தொப்பி, முடிந்தால் ஏழரைக்குள் முடிகிற ஓட்டம். கண்புரை அறுவையோ லேசரோ செய்துகொண்டவர்கள் எப்போது மறுபடி ஓடலாம் என்பதையும் அறுவை செய்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

22. கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு சூரிய உதயத்தை நேராப் பாக்கலாமா?

பார்க்கக் கூடாது. எந்தக் கறுப்புக் கண்ணாடியும் சூரியனை நேராகப் பார்ப்பதற்கானது இல்லை. கிரகணத்துக்கும் உதவாது, அதற்கென்று தனி வடிகட்டி உண்டு.

23. ஆறே மாசத்துல லென்ஸ் முழுக்கக் கீறல். எப்படித் துடைக்கிறது?

பனியனில் துடைத்திருப்பீர்கள். காய்ந்த வியர்வை என்றால் உப்பு, அதில் கடற்கரை மணலும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வீட்டுக்கு வந்ததும் முதலில் குழாயில் காட்டி உப்பைக் கரையுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரலால் மெதுவாக. கழுவி உதறிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பக்கத்திலேயே வரக் கூடாது, பூச்சு உரியும். கார் டேஷ்போர்டில் போட்டுவைத்தாலும் சூட்டில் பூச்சு வெடிக்கும். ஓட்டத்தின் நடுவில் துடைத்தே ஆக வேண்டும் என்றால் குடிதண்ணீரைக் கொஞ்சம் லென்ஸில் ஊற்றி உதறுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

கீறல் பார்வையின் நடுவில் வராத வரை பயன்படுத்தலாம். மூக்கு ரப்பர் கெட்டியாகி வழுக்க ஆரம்பித்தால், கண்ணாடியை மாற்றுவதற்கு முன் உதிரி ரப்பர் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பவர் லென்ஸ் என்றால் வருடம் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்து, எண் மாறியிருந்தால் ஓட்டக் கண்ணாடியையும் சேர்த்தே மாற்றுங்கள். வீட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டு இதைப் பழைய எண்ணிலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.